நாற்பது குழந்தைகள் அழுத வார்டு

ஜனவரி 9

என் அக்கா பெற்ற அறிவுக்கு,

மாமன் எழுதுகிறேன். எனக்கு முதுகுவலி, முட்டிவலி எல்லாம் அததன் இடத்தில் சௌக்கியமாக இருக்கின்றன. உன்னைப் பற்றி நான் விசாரிக்கப் போவதில்லை. தலைமை ஆலையிலிருந்து தபால் பை கொண்டுவருகிற டிரைவர் வாரத்துக்கு இரண்டு தடவை எல்லாவற்றையும் ஒப்பித்துவிடுகிறார். "உங்க மருமக அந்தக் கண்ணாடி ரூமை விட்டு வெளியே வர்றதே இல்ல சார். சாப்பாடுகூட சக்கரத்தைப் பார்த்துக்கிட்டேதான்" என்றார். எங்கள் ரத்தம் அப்படி என்று சொல்லி அனுப்பினேன்.

சத்தமே போடாத சக்கரம் தயாராகிவிட்டதாமே! எங்கள் கிளை ஆபீஸ் முழுக்கச் சொல்லிவிட்டேன். டைப்பிஸ்ட் அம்மா, "ஆராய்ச்சி பண்ணது அவங்க, நெஞ்சை நிமிர்த்துறது நீங்களா?" என்று கேட்டார். "அம்மா, குறை கண்டுபிடிச்சது யாரு? குறை இல்லாம ஆராய்ச்சி எங்கேருந்து வரும்?" என்று ஒரே போடு போட்டேன். டைப் அடித்த கை அப்படியே நின்றுவிட்டது. அரை மணி நேரம் நின்றது.

போன வருஷம் விற்பனை அறிக்கையில் நான் எழுதினது நாலே வரி. பிரசவ வார்டில் மருந்து வண்டி உருண்டு வருகிறது, சக்கரம் கடகடவென்கிறது, நாற்பது பச்சைக் குழந்தைகள் ஒரே நேரத்தில் வீறிட்டு அழுகின்றன, நர்ஸ்கள் வேறு வழியில்லாமல் வண்டியைத் தூக்கிக்கொண்டு நடக்கிறார்கள். அந்த நாலு வரியிலிருந்து உலகத்தில் இதுவரை இல்லாத ஒரு சக்கரம் பிறந்திருக்கிறது. நான் எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன். ஒன்பதாம் வகுப்புக்கு என்னைத் தாங்குகிற தெம்பு இல்லை. ஆனாலும் இருபத்திரண்டு வருஷமாக இந்தக் கம்பெனியின் ட்ராலிச் சக்கரத்தை ஆஸ்பத்திரி, கிடங்கு, சலவைக்கூடம் என்று விற்றுக்கொண்டிருக்கிறேனே, சும்மாவா?

நாலு சக்கரம் உடனே அனுப்பு. ஊரைப் புரட்டிப் போடுகிறேன்.

இப்படிக்கு,
அந்தச் சக்கரத்தின் தாய்மாமன்


ஜனவரி 14

அன்புள்ள மாமா,

டைப்பிஸ்ட் அம்மாவின் கை இப்போது இயங்குகிறது என்று நம்புகிறேன்.

சக்கரம் தயார். பழைய சக்கரத்தை டைல்ஸ் தரையில் உருட்டினால் சத்தம் அளக்கிற மீட்டர் அறுபத்தொன்று காட்டும். இது முப்பத்தெட்டு. ரப்பரை மட்டும் பதினேழு விதமாக மாற்றினோம். பேரிங்கிலிருந்து வருகிற சத்தம் வெளியே கசியாமலிருக்க, அச்சின் இரண்டு பக்கமும் கிண்ணம் மாதிரி ஒரு மூடி போட்டிருக்கிறோம். அந்த மூடி எங்கள் லேத்காரரின் கைவண்ணம். அவர் கையில் எடுத்தால் இரும்பு வெண்ணெய் மாதிரி வழுவழுவென்று ஆகிவிடும். முதல் தடவை உருட்டிக் காட்டியபோது எங்கள் ஆராய்ச்சித் தலைவர் காதைத் தீட்டிக்கொண்டு, "உருட்டுமா" என்றார். "உருட்டியாச்சு சார்" என்றேன்.

சந்தோஷம் இதோடு நிற்கட்டும். பிப்ரவரி இருபத்தெட்டாம் தேதி முதலாளி முன்னால் கூட்டம். கண்ணாடி ரூமிலிருந்து மூன்று வருஷமாக ஒரு புதுச் சாமானும் கடைக்குப் போகவில்லை, அதனால் ஆராய்ச்சியை மூடிவிட்டு அந்த இடத்தை ஸ்டோர் ரூமாக்கலாம் என்று விற்பனை மேனேஜர் எழுதிக் கொடுத்திருக்கிறார். நாங்கள் நாலு பேர். தலைவருக்கு ஓய்வு பெற ஐந்து வருஷம் இருக்கிறது. லேத்காரருக்கு இரண்டு பிள்ளைகள் காலேஜில். இந்தச் சக்கரம் ஒன்றுதான் எங்கள் கையில் இருக்கிறது.

அதனால் உங்களிடம் ஒரு வேலை. அந்தப் பிரசவ வார்டிலேயே இதைப் பொருத்திப் பார்த்து, ஹெட் நர்ஸ் சொல்வதை எழுதி வாங்கிக் கூட்டத்தில் வைக்கவேண்டும் என்கிறார் தலைவர். எந்த ஆஸ்பத்திரி, எந்த வார்டு, ஹெட் நர்ஸ் யார்? எழுத்தில் வேண்டும் மாமா. போனில் கேட்டால் நீங்கள் பேச்சை எங்கேயாவது கூட்டிக்கொண்டு போய்விடுவீர்கள்.

நாலு சக்கரம் இந்தப் பையிலேயே வருகிறது.

மருமகள்


ஜனவரி 19

என் குலக்கொழுந்துக்கு,

சக்கரம் வந்தது. மேஜை மேல் உருட்டினேன். உருள்கிறதா இல்லையா என்று எனக்கே சந்தேகம் வந்து கையை வைத்துப் பார்த்தேன். கிளை மேனேஜர் தூங்கிக்கொண்டிருந்தார். அவர் காதருகே உருட்டியும் எழுந்திருக்கவில்லை. இதைவிடப் பெரிய சான்றிதழ் உனக்கு எங்கே கிடைக்கும்?

நீ கேட்ட விவரம். அதில் பார், ஒரு சின்ன சிக்கல். அந்த ஹெட் நர்ஸ் மாற்றலாகிப் போய்விட்டார். ரொம்ப தூரம். வார்டுக்கும் வெள்ளையடிக்கிறார்கள். ஆஸ்பத்திரி பெயரைச் சொல்லலாம்தான், ஆனால் பெரிய இடம், அவர்களுக்குப் பெயர் வெளியே வருவது பிடிக்காது. ஒரு நிர்வாகி என் கையைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீரோடு, "சார், எங்க குழந்தைங்க அழுத விஷயம் நம்மோட இருக்கட்டும்" என்று கேட்டுக்கொண்டார். நானும் சரி என்று சொல்லிவிட்டேன். நான் வாக்கு மாறாதவன் என்பது உனக்கே தெரியும்.

நான் சொன்னதையே எழுதி வைத்துவிடேன். இருபத்திரண்டு வருஷ அனுபவம் சாட்சி சொல்லும்போது நர்ஸ் எதற்கு? வேண்டுமானால் இதையும் சேர்த்துக்கொள்: அழுகை நிற்க முக்கால் மணி நேரம் ஆனது. பக்கத்துத் தெருவிலிருந்து ஆட்கள் ஓடிவந்து எட்டிப் பார்த்தார்கள். அறுபது குழந்தைகளும் ஒரே சுருதி.

உன் தலைவருக்கு என் வணக்கம். லேத்காரரின் கைக்குத் தனி வணக்கம்.

மாமன்


ஜனவரி 23

மாமா,

ஜனவரி ஒன்பதாம் தேதிக் கடிதத்தில் நாற்பது. பத்தொன்பதாம் தேதிக் கடிதத்தில் அறுபது. போன வருஷத்து அறிக்கையை எடுத்து வைத்துக்கொண்டேன். அதில் முதலில் முப்பது என்று எழுதி, அடித்து, நாற்பது ஆக்கியிருக்கிறீர்கள்.

ஒரே ஒரு கேள்வி. எத்தனை குழந்தைகள்?


ஜனவரி 28

அம்மாடி,

மூன்று காகிதம் கிழித்தாகிவிட்டது. இது நாலாவது.

ஒரு குழந்தை.

வார்டுகூட இல்லை. வார்டுக்கு வெளியே நடை. நான் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். மருந்து வண்டி ஒன்று போனது. எதிரே ஒரு அம்மா மடியில் குழந்தை. அது அழுதது. "சத்தத்துல முழிச்சிடுச்சாம்மா?" என்று கேட்டேன். "இல்லைங்க, பால் நேரம்" என்றார். அவ்வளவுதான். நர்ஸ் யாரும் வண்டியைத் தூக்கவில்லை. அது தூக்குகிற கனமும் இல்லை.

ஏன் எழுதினீர்கள் என்று நீ கேட்பாய். நம் அறிக்கைத் தாளில் 'வாடிக்கையாளர் சொன்ன குறைகள்' என்று நாலு வரி இடம் விட்டிருப்பார்கள். காலியாக அனுப்பினால் விற்பனை மேனேஜர், "வெளியே போனியா, வீட்ல படுத்திருந்தியா?" என்று திருப்பி அனுப்புவார். போகிற இடத்தில் எல்லாம், "ஏதாவது குறை உண்டா?" என்று கேட்கிறேன். "ஒண்ணும் இல்லைங்க, நல்லாத்தான் ஓடுது" என்கிறார்கள். இருபத்திரண்டு வருஷமாக அதையேதான் சொல்கிறார்கள். அதனால் அந்த நாலு வரியை நானே நிரப்பப் பழகிக்கொண்டேன். அதெல்லாம் ஏதோ ஒரு அலமாரியில் போய்த் தூங்கும் என்று நினைத்தேன். யாராவது எடுத்துப் படித்து உழைப்பார்கள் என்று கனவிலும் நினைக்கவில்லை.

இன்னொன்றும் உண்டு. நீ அந்த ரூமில் சேர்ந்த புதிது. 'இந்த வருஷம் ஸ்க்ரூவின் நீளத்தைக் கால் இஞ்ச் குறைக்கச் சொல்லியிருக்கிறார்கள்' என்று எழுதியிருந்தாய். எனக்கு மனசே ஆறவில்லை. எவ்வளவு பெரிய மூளை, அதற்கு ஒரு ஸ்க்ரூவா? உன் தகுதிக்கு ஒரு குறை வேண்டும் என்று தோன்றியது. நல்லதாக ஒன்று செய்து அனுப்பினேன்.

திட்டி எழுது. எழுதாமல் மட்டும் இருக்காதே.

மாமா


பிப்ரவரி 1

மாமா,

திட்டி எழுதிய கடிதம் மேஜை டிராயரில் இருக்கிறது. அனுப்பவில்லை.

நாலு பேரின் ஒரு வருஷம். பதினேழு ரப்பர். பால் கேட்டு அழுத ஒரு குழந்தைக்காக. நேற்று லேத்காரர் அந்த மூடியைத் துணியால் துடைத்துக்கொண்டே, "நாப்பது குழந்தையும் இனிமே தூங்கும்ல?" என்று கேட்டார். நான் தலையாட்டினேன். தலையாட்டியதால் நானும் உங்கள் பொய்யில் பங்காளி ஆகிவிட்டேன். தலைவரிடம் இன்னும் சொல்லவில்லை. சொல்லத்தான் வேண்டும்.

சக்கரம் மட்டும் பொய் இல்லை. முப்பத்தெட்டு என்றால் முப்பத்தெட்டுதான். அது யாருக்குப் பயன்படும் என்பதுதான் எங்களுக்குத் தெரியாது. இந்தக் கண்ணாடிக்குள் உட்கார்ந்து எதையும் அளந்துவிடலாம். எதை அளக்கவேண்டும் என்பது மட்டும் இங்கிருந்து தெரிவதில்லை. அதற்கு எங்களுக்கு உங்கள் கண்ணை விட்டால் வேறு வழியில்லை. கோபத்தோடுதான் இதை எழுதுகிறேன்.

எனவே செய்யுங்கள். ஏதாவது ஒரு ஆஸ்பத்திரியில் ஒரு வார்டு. ஒரே ஒரு வண்டியில் அந்த நாலு சக்கரத்தையும் பொருத்துங்கள். விற்காதீர்கள். 'குறை உண்டா' என்று கேட்காதீர்கள். ஓரமாக உட்கார்ந்து பாருங்கள். ஒரு தாளை எடுத்து நடுவில் கோடு போடுங்கள். இடப்பக்கம் 'கண்டது'. வலப்பக்கம் 'நினைத்தது'. விரல் விட்டு எண்ணாத எந்த எண்ணும் இடப்பக்கம் வரக்கூடாது. எனக்கு இடப்பக்கம் போதும்.

இருபத்தெட்டாம் தேதிக்கு நாலு வாரம்கூட இல்லை.

மருமகள்


பிப்ரவரி 8

கண்ணே,

கோடு போட்டேன். முதல் நாள் முடிவில் இடப்பக்கம் மூன்று வரி, வலப்பக்கம் நாலு பக்கம். வலப்பக்கத்தைக் கிழித்து என் பையிலேயே வைத்துக்கொண்டேன். பிரமாதமான பக்கங்கள், உனக்குக் கொடுத்து வைக்கவில்லை.

கண்டது, முதல் நாள். எலும்பு முறிவு வார்டு. படுக்கை இருபத்து நாலு, வண்டி பன்னிரண்டு, ஒன்றில் உன் சக்கரம். மருந்து கொடுக்கிற நர்ஸ் பின்னால் உன் வண்டி வந்தது. சத்தம் கேட்காததால் அவர் திரும்பவில்லை. குதிகாலில் மோதியது. "சார், இது வண்டியா, பூனையா?" என்று என்னைப் பார்த்துக் கேட்டார்.

இரண்டாம் நாள். ஆறாம் படுக்கைக்காரர் காலில் மாவுக்கட்டு. "மருந்து வண்டி சத்தம் கேட்டா வலி பாதி போயிடும் சார். இப்ப வருதா வரலையான்னே தெரியல" என்றார். அதைக் கேட்ட ஹெட் நர்ஸ் ஒரு கரண்டியை எடுத்து வந்து உன் வண்டியின் கைப்பிடியில் கட்டித் தொங்கவிட்டார். நீ ஒரு வருஷம் பாடுபட்டு எடுத்த சத்தத்தை அவர் ஒரு நிமிஷத்தில் திருப்பிப் போட்டுவிட்டார். இதை எழுதலாமா வேண்டாமா என்று ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். ஒரு மணி நேரம்தான், கடிகாரம் பார்த்தேன்.

ஆறாம் நாள். மத்தியானம் வார்டைப் பெருக்குகிற அம்மா எல்லா வண்டிகளையும் வராந்தாவுக்குத் தள்ளிக்கொண்டு போனார். ஒவ்வொன்றாகக் கவிழ்த்தார். முந்தானையிலிருந்து ஒரு பிளேடை எடுத்தார். சக்கரத்துக்கும் அச்சுக்கும் நடுவில் விட்டு அறுக்க ஆரம்பித்தார். தலைமுடி, பேண்டேஜ் நூல், துடைக்கிற மாப்பின் நூல் எல்லாம் அச்சைச் சுற்றி, கயிறு திரித்த மாதிரி இறுகிக் கிடந்தது. பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"என்னம்மா பண்றீங்க?"

"பாத்தா தெரியல? சக்கரத்துக்கு முடி வெட்டுறேன்."

"அடிக்கடி வெட்டணுமா?"

"வாரத்துக்கு ஒரு தடவை. இல்லேன்னா சுத்தாது, இழுத்துக்கிட்டுத்தான் போகணும்."

"இதை யார்கிட்டயாவது குறைன்னு சொன்னீங்களா?"

"இதுல என்ன குறை? சக்கரம்னா நூல் சுத்தும். வீடுன்னா தூசி விழும். பெருக்குறதில்லையா?"

எண்ணினேன். மற்ற பதினோரு வண்டி, நாற்பத்து நாலு சக்கரம். நூல் சுற்றியது முப்பத்தொன்பதில். அவருக்கு இரண்டு மணி பத்து நிமிஷம் ஆனது. வலது கை ஆள்காட்டி விரலில் பழைய வெட்டு ஆறு, புதிது ஒன்று. பிளேடின் ஒரு பக்கத்தை மருந்து அட்டையால் மடித்துப் பிடி செய்திருக்கிறார். அப்படி ஒரு கச்சிதமான பிடியை உன் லேத்காரர்கூட பார்த்தால் எழுந்து நிற்பார். கடைசியில் உன் வண்டியைக் கவிழ்த்தார். இரண்டு சக்கரத்தில் நூலே இல்லை, இரண்டில் கொஞ்சம். "இது என்னா, ஏமாத்துது?" என்றார்.

உன் நாலு சக்கரத்தையும் கழற்றி, நூலை எல்லாம் ஒரு உறையில் போட்டு, சேர்த்து அனுப்பியிருக்கிறேன். அழுக்கு. மூக்கைப் பிடித்துக்கொண்டு திற.

மாமா

இருபத்திரண்டு வருஷமாக இவர்களைப் போன்றவர்களிடம்தான் குறை உண்டா என்று கேட்டிருக்கிறேன். இல்லை என்று சொன்னவர்கள் யாரும் பொய் சொல்லவில்லை. இது வலப்பக்கத்து வரி. போனால் போகிறது, வைத்துக்கொள்.


பிப்ரவரி 13

மாமா!

மூக்கைப் பிடிக்க மறந்துவிட்டேன். நாலு பேரும் அந்த உறையைச் சுற்றி இரண்டு நாள் உட்கார்ந்திருந்தோம். மேஜை மேல் முடியையும் நூலையும் பிரித்துப் பிரித்து வைத்தோம். விற்பனை மேனேஜர் கண்ணாடிக்கு வெளியிலிருந்து பார்த்துவிட்டு, "சலூன் வெச்சிட்டாங்களா?" என்று கேட்டாராம்.

பேரிங் சத்தம் வெளியே போகாமலிருக்கத்தான் அந்த மூடியைப் போட்டோம். அதே மூடி நூலை உள்ளே வராமல் தடுத்திருக்கிறது. நாங்கள் யாரும் நினைக்காத வேலை. இரண்டு சக்கரத்தில் மட்டும் ஏன் நூல் போனது என்று அளந்தோம். அவற்றில் மூடிக்கும் சக்கரத்துக்கும் நடுவில் ஒன்றரை மில்லிமீட்டர் இடைவெளி. நூல் போகாத இரண்டில் அதில் பாதிகூட இல்லை. மெல்லிய ரப்பரைச் சக்கரத்தோடு கெட்டியாக ஒட்ட வைப்பது எப்படி என்று போன வருஷம்தான் கற்றிருந்தோம். அதே வித்தையில் இப்போது மூடியின் ஓரத்தில் உதடு மாதிரி ஒரு ரப்பர் விளிம்பை ஒட்டி, அது சக்கரத்தைத் தொட்டு நிற்கச் செய்திருக்கிறோம். மிருதுவான ரப்பர் வேண்டாம், பழைய ரப்பரே போதும். வண்டி வருவது காதில் விழட்டும். ஆறாம் படுக்கைக்காரருக்கு வணக்கம் சொல்லுங்கள். கரண்டியை ஹெட் நர்ஸிடம் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

தலைவரிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். நாற்பது என்பது ஒன்று என்பதையும். மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இதை முதலாளிகிட்ட நாமதான் சொல்லணும். வேற வாய் வழியா போகக்கூடாது" என்றார். கூட்டத்தில் நான் சொல்வதாக ஒப்புக்கொண்டிருக்கிறேன். உங்கள் வேலைக்கு என்ன ஆகும் என்று யோசித்தேன் மாமா. யோசித்த பிறகும் சொல்லத்தான் வேண்டும் என்று படுகிறது. கோபித்துக்கொள்ளாதீர்கள்.

புதிய சக்கரம் நாலு இந்தப் பையில். அந்த அம்மாவிடம் காட்டுங்கள்.

மருமகள்


பிப்ரவரி 20

அம்மாடி,

உன் மேல் எனக்கு ஏது கோபம்? உண்மையைச் சொல்லத் துணிந்த முதல் ஆள் நம் குடும்பத்தில் நீதான். உங்கம்மாகூட வயதைக் குறைத்துத்தான் சொல்வாள்.

இப்போது கண்டது. முதல் இரண்டு நாள் நாலு சக்கரத்திலும் நூல் இல்லை. குதிக்கலாம் போல இருந்தது. குதிக்கவில்லை, முட்டி இடம் கொடுக்கவில்லை. மூன்றாம் நாள் வண்டி ஒரு பக்கமாக இழுத்தது. கவிழ்த்துப் பார்த்தால், மூன்றாவது சக்கரத்தில் எப்படியோ ஒரு நூல் உதட்டைத் தாண்டி உள்ளே போயிருக்கிறது. மூடிக்கு அடியில் சுற்றி இறுகி, சக்கரமே நின்றுவிட்டது. அந்த அம்மா பிளேடோடு வந்தார். பிளேடு உள்ளே போகவில்லை. என்னை ஒரு பிடி பிடித்தார்.

"பழசுலயாவது கண்ணுக்குத் தெரிஞ்சுது, அறுத்தேன். இப்ப பூட்டி வெச்சுட்டு எங்க போய் அறுக்கச் சொல்றீங்க?"

"அது, மூடி இருந்தா நூல் போகாதுன்னு..."

"போகாதுன்னு யாரு சொன்னது?"

"என் மருமக. பெரிய விஞ்ஞானி."

"அவங்க வீட்ல பாத்திரத்துக்கு மூடி இருக்கா?"

"இருக்கு."

"கழட்டுற மூடியா, கழட்டாத மூடியா?"

அந்தக் கேள்வியை அப்படியே இடப்பக்கத்தில் எழுதிக்கொண்டேன். அவரே தொடர்ந்தார். "பத்து நாளைக்கு ஒருக்கா ஒரு நூல் போனா போகட்டும். ஒரு காசை விட்டுத் திருகினா மூடி கையோட வர்ற மாதிரி பண்ணித் தரச் சொல்லுங்க. எடுத்துப் போட்டுட்டு மூடிடுவேன். பிளேடும் வேணாம், ஒண்ணும் வேணாம்."

ஒரு விஷயம் சொல்லிவிடுகிறேன். முதலில் எழுதிய காகிதத்தில், 'ஐந்து நாளாகியும் நாலிலும் நூல் இல்லை' என்றுதான் எழுதினேன். கை தானாக எழுதியது. எட்டு நாள் இருக்கிறது, நாலு பேர் பிழைப்பு இருக்கிறது, ஒரு நூல்தானே என்று தோன்றியது. மடித்து உறையில் போட்டு ஒட்டியும் விட்டேன். அப்புறம் பிரித்துக் கிழித்தேன். சிக்கிய சக்கரத்தையும் கழற்றி அனுப்பியிருக்கிறேன். கண்ணால் பார்.

இதே பையில் இன்னொரு கடிதமும் போகிறது. அது உனக்கு இல்லை.

மாமா


மார்ச் 1

அன்புள்ள மாமா,

அந்த இன்னொரு கடிதம் யாருக்கு என்று நேற்று தெரிந்தது.

நான் பேச எழுந்தேன். 'இந்த ஆராய்ச்சி தொடங்கியதே ஒரு தவறான அறிக்கையில்' என்று சொல்ல வாயைத் திறப்பதற்குள் முதலாளி கையைக் காட்டி நிறுத்தினார். சட்டைப் பையிலிருந்து ஒரு தாளை எடுத்துப் பிரித்துச் சத்தமாகப் படித்தார்.

"முதலாளி அவர்களுக்கு. தங்கள் கம்பெனியில் பொய் எழுதுவதில் முதலிடம் அடியேனுக்கே, இரண்டாமிடம் காலியாக இருக்கிறது. நாற்பது குழந்தைகள் என்பது ஒரு குழந்தை, அதுவும் பசியில் அழுதது. கண்ணாடி ரூம்காரர்கள் அதை நம்பியது அவர்கள் குற்றம் அல்ல. நான் எழுதினால் யார்தான் நம்பமாட்டார்கள்? தண்டனை எனக்கு. சக்கரத்தைத் தாங்களே கவிழ்த்துப் பார்க்கவும்."

தலைவர் குனிந்து சிரித்தார். நான் சிரிக்கவில்லை. எனக்குக் கண் கலங்கிவிட்டது.

விற்பனை மேனேஜர் விடவில்லை. "பொய்யில ஆரம்பிச்ச சக்கரத்தை இப்ப நாங்க போய் விக்கணுமா?" என்றார்.

முதலாளி நீங்கள் அனுப்பிய, நூல் சிக்கிய சக்கரத்தை எடுத்தார். உருட்டினார், நின்றது. பக்கத்தில் கழற்றுகிற மூடி போட்ட புதியதை வைத்திருந்தோம். அந்த அம்மா சொன்னபடி நாலே நாளில் லேத்காரர் செய்தது. உள்ளே வேண்டுமென்றே நூல் சுற்றியிருந்தோம். முதலாளி ஒரு காசை விட்டுத் திருகினார். மூடி கையில் வந்தது. நூலை இழுத்தார், மூடினார், உருட்டினார். மறுபடி கழற்றினார். மூன்று தடவை. புது விளையாட்டுச் சாமான் கிடைத்த குழந்தை மாதிரி இருந்தது அவர் முகம்.

"இருபத்திரண்டு வருஷமா நம்ம ஆளுங்க ஆஸ்பத்திரிக்குப் போறாங்க. வண்டியைக் கவுத்துப் பாக்க ஒருத்தனுக்குக்கூட தோணலையா?" என்று கேட்டார்.

"சரி, ரெண்டு வாரத்துல இதைச் செஞ்சிருக்கீங்க. அப்ப அந்த மூணு வருஷம் என்ன பண்ணீங்க?" என்று எங்கள் பக்கம் திரும்பினார்.

தலைவர் எழுந்தார். "ரெண்டு வாரம் இல்லைங்க. மூணு வருஷமும் ரெண்டு வாரமும். எந்த ரப்பர் எதோட ஒட்டும், எவ்வளவு இடைவெளி விடலாம்னு முன்னாடியே தெரிஞ்சிருக்கலேன்னா, இந்த ரெண்டு வாரத்துல அந்த நூலைப் பார்த்துக்கிட்டுத்தான் உட்கார்ந்திருப்போம்." மூன்று வருஷத்தில் அவர் இவ்வளவு நீளமாகப் பேசி நான் கேட்டதில்லை.

கண்ணாடி ரூம் இருக்கிறது மாமா. ஒரு வருஷத்துக்கு. மூன்று ஆஸ்பத்திரிகளில் ஐம்பது வண்டிக்கு இந்தச் சக்கரத்தைப் பொருத்திப் பார்க்கிறோம். முதல் பன்னிரண்டு வண்டி உங்கள் எலும்பு முறிவு வார்டுக்கு. மூடியின் யோசனை யாருடையது என்று பதிவேட்டில் அந்த அம்மாவின் பெயரை எழுதச் சொன்னார் முதலாளி. கேட்டு அனுப்புங்கள். 'வாடிக்கையாளர் சொன்ன குறைகள்' என்ற நாலு வரி இனி அறிக்கையில் கிடையாது. கம்பெனி முழுக்க, கண்டது ஒரு பக்கம், நினைத்தது ஒரு பக்கம்.

உங்களைப் பற்றியும் முடிவானது. வேலையை விட்டு எடுக்கவேண்டும் என்றார் விற்பனை மேனேஜர். முதலாளி, "ஆறு மாசத்துக்கு அவர் ஒரு ஆர்டரும் எடுக்கக்கூடாது. போகணும், உட்காரணும், பார்க்கணும், கண்ணாடி ரூமுக்கு எழுதணும்" என்றார். இது தண்டனையா பதவியா என்று அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

நேற்று சாயங்காலம் லேத்காரர் கேட்டார், "உங்க மாமாவுக்கு எப்படி அந்த அம்மா பக்கத்துல போய் உட்காரணும்னு தோணுச்சு?" என்று. நான் போயிருந்தால் அளந்திருப்பேன், குறித்திருப்பேன், திரும்பியிருப்பேன். தரையில் உட்கார்ந்து பேச்சுக் கொடுத்திருக்க மாட்டேன். இதை உங்களிடம் சொல்லக்கூடாது, ஊர் தாங்காது. இருந்தாலும் சொல்லிவிட்டேன்.

அடுத்த வேலை வந்துவிட்டது. பேக்கரிகளில் தட்டு வண்டிக்கு நம் சக்கரத்தைத்தான் போடுகிறார்கள். அங்கே அதில் என்ன குறை? முதலாளி கேட்கிறார்.

உங்கள் மருமகள்


மார்ச் 5

அம்மாடி,

உன் கடிதத்தை டைப்பிஸ்ட் அம்மாவிடம் படிக்கக் கொடுத்தேன். கடைசிப் பக்கத்தை மட்டும் இரண்டு தடவை கொடுத்தேன்.

பேக்கரியில் என்ன குறை என்று கேட்டிருக்கிறாய். பேனாவை எடுத்ததுமே மூன்று குறை வரிசையாக வந்து நின்றது. மூன்றும் முதல் தரம். ஒன்றில் தீ விபத்தே இருக்கிறது.

தெரியாது.

பேக்கரிக்காரர்களிடம் இத்தனை வருஷமும் வாசலில் நின்றே ஆர்டர் வாங்கியிருக்கிறேன். உள்ளே போனதில்லை. அடுப்பறை பின்பக்கம் இருக்கிறதாம். விடிகாலை ஐந்து மணிக்கு மாவு பிசைய ஆரம்பிப்பார்களாம். நாளைக்கு அங்கே போகிறேன். உட்கார இடம் கொடுப்பார்களா என்பதும் தெரியாது.

மாமா